ட்ரெபிளைக் குறைத்தால் மட்டும் ரெகே வந்துவிடுமா?

கேள்வி: ஜாஸ் பேஸ் மாடலில் ஒரு பேஸ் கிட்டார் வைத்திருக்கிறேன். ரெகே வாசிக்க ஆசை. ட்ரெபிளை அடியோடு குறைத்து, ஆம்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகிப் பார்த்துவிட்டேன். பாப் மார்லி ரெக்கார்டில் வருகிற மாதிரி வரவே இல்லை. ஒரே உறுமல். என்ன ஸ்வரம் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. புது ஆம்ப் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ட்ரெபிளைக் குறைத்தது சரிதான். பேஸ் குமிழை முழுக்கத் திருகினீர்களே, வினை அங்கேதான் இருக்கிறது.

ரெகே பேஸ் என்றால் அடியில் கனம், மேலே பளபளப்பு கிடையாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான் கோட்டை விடுகிறார்கள். நாலு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பியை அப்படியே மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அது வயிற்றில் தெரியும், காதில் அவ்வளவாகத் தெரியாது. இது ஈ, இது ஜி என்று காது பிரித்தறிய உதவுவது, அதற்கு மேலே 82, 123, 164 என்று அடுக்கடுக்காக எழும் மேலதிர்வுகள். பேஸ் குமிழை முழுக்க ஏற்றியதும் 41 பூதம் மாதிரி எழுந்து மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. உங்களுக்குக் கேட்ட உறுமல் அதுதான்.

ரெகேயில் ஸ்வரம் தெளிவாகக் கேட்டே ஆக வேண்டும். மற்ற பல இசைகளில் பேஸ் பின்னால் நின்று கைகொடுக்கும். ஜமைக்காவில் பாட்டின் அடையாளமே பேஸ் வரிதான். 1967-இல் ஸ்டூடியோ ஒன்னில் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்த 'ரியல் ராக்' இசைத்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எத்தனையோ பாடகர்கள் எத்தனையோ பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள். வில்லி வில்லியம்ஸின் 'அர்மகிடியன் டைம்' அதில் ஒன்று. மெட்டு மாறும், வரிகள் மாறும், குரல் மாறும். பேஸ் வரி விழுந்ததும் தெருவில் நிற்பவனுக்கு இது எந்தத் தடம் என்று தெரிந்துவிடும். பேஸ் வெறும் உறுமலாக இருந்தால் எப்படித் தெரியும்?

இந்த டோன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 60-களின் தொடக்கத்தில், ஸ்கா காலத்தில், ஜமைக்காவில் ஒலித்தது ஆளுயர மர பேஸ். ஸ்கடலைட்ஸ் குழுவில் லாயிட் பிரெவெட் வாசித்தது அதைத்தான். விரலால் இழுத்துவிட்டால் 'தும்' என்று புடைத்து எழுந்து சட்டென்று அடங்கும். 1966 வாக்கில் தாளம் நிதானமாகி ராக்ஸ்டெடி வந்தபோது மின் பேஸ் அந்த இடத்துக்கு வந்தது. ஜாக்கி ஜாக்சன், ஹெப்டோன்ஸ் குழுவில் பாடிக்கொண்டே ஸ்டூடியோ ஒன்னுக்கு பேஸும் வாசித்த லெராய் சிபிள்ஸ் போன்றவர்களின் காலம் அது. கருவி மாறினாலும் காதில் பதிந்திருந்த அந்த 'தும்' மாறவில்லை. புடைத்து எழ வேண்டும், சீக்கிரம் அடங்க வேண்டும். நீங்கள் தேடுகிற டோனின் இலக்கணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ரெக்கார்ட் தயாரித்த காக்ஸன் டாட், டியூக் ரீட் இருவருமே முதலில் சவுண்ட் சிஸ்டம் முதலாளிகள். கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி ஆட்டம் நடத்தியவர்கள், தங்கள் பெட்டியில் போட்டு ஆட வைக்கத்தான் ரெக்கார்ட் எடுத்தார்கள். திறந்தவெளியில் பெரிய பெட்டிக்காகச் செய்த டோனை எட்டங்குல ஸ்பீக்கர் உள்ள பிராக்டிஸ் ஆம்பில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த டோனின் குணத்தைக் கொண்டுவரலாம், அளவு வராது.

சரி, வேலைக்கு வருவோம். ஆம்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ரெகே டோனில் முக்கால்வாசி கையில்தான் இருக்கிறது.

வலது கையை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானோர் பிக்அப் மேல் கட்டைவிரலை ஊன்றி, பிரிட்ஜுக்கும் கழுத்துக்கும் நடுவில் மீட்டுவார்கள். கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள். கடைசி ஃப்ரெட் முடிகிற இடத்துக்கு நேராக, ஏன், கொஞ்சம் அதன் மேலேயே வரலாம். அங்கே கம்பி அகலமாக ஆடும். அடிப்படை அதிர்வு ஓங்கும், மேலதிர்வுகள் தணியும். பிரிட்ஜ் பக்கம் போகப்போக இது தலைகீழாகும். நகம் படாமல் விரலின் சதையால், கம்பியைப் பிய்க்காமல் தள்ளிவிடுகிற மாதிரி மீட்டுங்கள். ஓங்கி மீட்டினால் கம்பி ஃப்ரெட்டில் மோதி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ராக்குக்கு அது அழகு, இங்கே வேண்டாம். மெல்ல மீட்டி, சத்தம் வேண்டுமென்றால் ஆம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து கட்டைவிரல். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை பிரிட்ஜ் மேல், கம்பி தொடங்குகிற இடத்தில் பட்டும் படாமலும் வையுங்கள். கட்டைவிரலால் கீழ்நோக்கி மீட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்னே போனால் ஸ்வரம் செத்துவிடும். பின்னே வந்தால் சாதாரணமாக ஒலிக்கும். நடுவில் ஓர் இடத்தில் மர பேஸின் 'தும்' வந்து உட்காரும். அதைத் தேடிப் பிடிக்க ஒரு சாயங்காலம் போதும், ஆனால் பழக நாளாகும்.

அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சிலேயே, சொரசொரப்பான பச்சைப் பக்கத்தை நீக்கிவிட்டு, பிரிட்ஜ் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பிரிட்ஜை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை அது தொட வேண்டும், மேலே தூக்கக் கூடாது. இறுக்கமாகச் செருகினால் நாலு கம்பியும் மொத்தமாகப் பேச்சிழந்துவிடும். இதை மட்டமான வித்தை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஃபெண்டர் கம்பெனியே பிரிசிஷன் பேஸின் பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்சு ஒட்டித்தான் விற்றது.

இடது கைக்கும் வேலை இருக்கிறது. ரெகேயில் திறந்த கம்பிகளை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. ஏ ஸ்வரம் வேண்டுமா? ஏ கம்பியைச் சும்மா மீட்டினாலும் கிடைக்கும், ஈ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். இரண்டும் ஒரே 55 ஹெர்ட்ஸ்தான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலாவது மெலிந்து, நீண்டு, கொஞ்சம் கணீரென்று நிற்கும். இரண்டாவது தடித்து, உருண்டு, சீக்கிரம் அடங்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஏ மைனரில் ஒரு வரி என்றால் ஏ-யை ஈ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில், சி-யை அதே கம்பியின் எட்டாம் ஃப்ரெட்டில், மேல் ஈ-யை ஏ கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். கை இடம்பெயரவே வேண்டாம்; மூன்று ஸ்வரமும் ஒரே நிறத்தில் வரும். திறந்த கம்பியில் இன்னொரு தொல்லை, விரலை எடுத்து அதை நிறுத்த முடியாது.

நிறுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டோன், டோன் என்று குமிழைத் திருகிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் ஸ்வரத்தின் நீளத்தில் இருக்கிறது. ரூட்ஸ் ரெகே நிதானமான தாளம். நிமிஷத்துக்கு 72 அடி என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு 0.8 வினாடிக்குச் சற்று மேல். அந்த முழு இடைவெளியிலும் ஸ்வரம் இழுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த ஸ்வரம் அதன் மேலேயே விழும். இரண்டும் குழம்பி, நீங்கள் எழுதியிருக்கிற அதே உறுமலாகும். பாதி அளவு ஒலிக்க விட்டு, இடது விரலை ஃப்ரெட்டிலிருந்து தளர்த்துங்கள். கம்பியை விட்டு எடுக்க வேண்டாம், அழுத்தத்தை மட்டும் விடுங்கள். அந்த நிசப்தம் விழுந்ததும் அடுத்த ஸ்வரம் இரட்டிப்புக் கனத்தோடு வருவது தெரியும். குமிழ் எதையும் நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள்.

ஒன் டிராப் தாளத்தில் இது இன்னும் முக்கியம். அதில் கிக் டிரம்மும் ரிம் அடியும் மூன்றாவது அடியில் சேர்ந்து விழும். முதல் அடியில் டிரம் காலியாக விடும். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பேரட் டிரம் வாசித்ததைக் கேட்டால் புரியும். அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட் பேஸ். 'ஃபேமிலி மேன்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில் மறைந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் எங்கெல்லாம் இடம் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். எல்லா அடியிலும் எதையாவது வாசித்தாக வேண்டும் என்ற பதற்றம் உள்ளவர்களுக்கு இந்த இசை கைவராது. கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன்தான், ஆனால் உண்மை.

இப்போது ஆம்பைப் போடலாம்.

உங்களுடையது ஜாஸ் பேஸ் மாடல் என்பதால் இரண்டு பிக்அப் இருக்கும். கழுத்துப் பக்க பிக்அப்பை முழுக்கத் திறந்து, பிரிட்ஜ் பக்கத்தை மூடி, டோன் குமிழை முழுக்கக் குறைத்துத் தொடங்குங்கள். மந்தமாகத் தெரிந்தால் டோனை மட்டும் கால்வாசி ஏற்றுங்கள். ஒரே பிக்அப்பில் 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல் எழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பாட்டு ஜி-யில் இருக்கும்போது அந்த இரைச்சல் ஸ்வரத்தோடு சேர்ந்து அலையடிக்கும், எரிச்சலாக இருக்கும். (ஜமைக்காவிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே அவர்களும் இந்த அவஸ்தையைப் பட்டவர்களே.) அப்படி வந்தால் பிரிட்ஜ் பிக்அப்பையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். இரண்டும் சமமாக இருக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். டோன் சற்று ஒல்லியாகும். வலது கையைக் கழுத்துப் பக்கம் இன்னும் நகர்த்தி ஈடுகட்டலாம். பிரிசிஷன் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் என்றால், பேஸிவ் சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துவிடுங்கள்.

கம்பிக்குக் கொஞ்சம் பணம் செலவழிக்கலாம். ஃபிளாட்வவுண்ட் என்று கேட்டு வாங்குங்கள். மேலே தடவினால் வழவழவென்று இருக்கும். சாதாரண ரவுண்ட்வவுண்டில் வருகிற 'ஜில்' சத்தமும், விரல் நகரும்போது வருகிற கிறீச்சும் இதில் கிடையாது. விலை கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். பழகப் பழக இன்னும் நன்றாக இருக்கும். இழுவிசை அதிகமாக இருக்கலாம் என்பதால் மாட்டிய பிறகு கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வாங்க வசதி இல்லையா? பழைய ரவுண்ட்வவுண்ட் கம்பி பளபளப்பு போய்ச் செத்துக்கிடந்தால் கழற்ற வேண்டாம், ரெகேக்கு அது வரப்பிரசாதம்.

ஆம்பில் எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்துங்கள். உச்சஸ்தாயிக்கென்று தனியாக ட்வீட்டர் இருந்தால் அணையுங்கள். ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மிட்டைத் தொடாதீர்கள். பேஸ் குமிழை நடுவிலிருந்து ஒரு நூல் மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் என்னாகும் என்று கணக்கு சொல்கிறேன். ஓர் அலைவரிசையை 3 டெசிபெல் கூட்டினால் அந்த இடத்தில் ஆம்பிலிருந்து இரண்டு மடங்கு சக்தி கேட்கிறீர்கள். 10 டெசிபெல் கூட்டினால் பத்து மடங்கு. சின்ன ஆம்ப் எங்கே போகும் பத்து மடங்குக்கு? மூச்சுத் திணறி, ஸ்பீக்கர் படபடத்து, ஸ்வரம் சிதையும். எட்டங்குல, பத்தங்குல ஸ்பீக்கரில் வாசிப்பவர்கள் பேஸ் குமிழை நடுவுக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, லோ மிட் என்று குமிழ் இருந்தால் அதைக் கொஞ்சம் ஏற்றினால் கனம் கூடின மாதிரி இருக்கும்.

அறையையும் கவனியுங்கள், பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நாலு மீட்டர் நீள அறையில் சுவருக்குச் சுவர் முட்டி நிற்கிற முதல் அலை 43 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டான எஃப் கிட்டத்தட்ட அதே இடம். அந்த அறையில் எஃப் வாசிக்கும்போது சுவரோரம் நிற்பவருக்குக் காது அடைக்கும். அறை நடுவில் நிற்பவருக்கு அந்த ஸ்வரமே காணாமல் போயிருக்கும். இதைக் கருவியின் குறை என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து, ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, நீங்களும் இரண்டடி தள்ளி நின்று மறுபடி வாசித்துப் பாருங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்பவர்களுக்கு: 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே நமக்கு வேலையில்லை. மேலே 2,000 ஹெர்ட்ஸ் வாக்கில் மெல்லச் சரிய விடுங்கள். கம்ப்ரஸர் 3:1 அல்லது 4:1, மிதமாக. பிறகு போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அதில் அடி அதிர்வு எதுவும் வராது. ஆனாலும் மேலதிர்வுகளை வைத்து இல்லாத அடிப்படையை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். போனில் பேஸ் வரியை முணுமுணுக்க முடிகிறதென்றால் டோன் சரி. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பேஸைக் கூட்டக் கூடாது. லேசாக டேப் அல்லது ட்யூப் சாச்சுரேஷன் சேர்த்து மேலதிர்வுகளை எழுப்ப வேண்டும். டப் ரெக்கார்டுகளில் எதிரொலி சுழன்று போவதைக் கேட்டுவிட்டு பேஸுக்கு டிலே பெடல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிங் டப்பி போன்ற டப் கலைஞர்கள் எதிரொலியைப் பெரும்பாலும் டிரம்முக்கும் கிட்டாருக்கும் குரலுக்கும்தான் கொடுத்தார்கள். பேஸை உலர்வாகவே விட்டார்கள்.

கேட்டுப் பழகுவதற்கும் டப் மாதிரி வசதி வேறில்லை. மற்ற கருவிகள் விலகி டிரம்மும் பேஸும் தனியாக நிற்கிற நேரத்தில் டோன் அப்பட்டமாகத் தெரியும். அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976) ஆல்பத்தில் தொடங்குங்கள். ஃபேமிலி மேனும், அவரிடம் பேஸ் கற்ற ராபி ஷேக்ஸ்பியரும் அதில் வாசித்திருக்கிறார்கள். குருவையும் சீடனையும் ஒப்பிட இன்னொரு வாய்ப்பு வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' (1973). அதில் 'கான்க்ரீட் ஜங்கிள்' பாட்டுக்கு பேஸ் ராபி. ஹெட்ஃபோனில் கேளுங்கள், லேப்டாப்பில் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கையில் இல்லாத ஒரு விஷயம். பழைய ரெக்கார்டுகளில் பேஸ் அவ்வளவு இருட்டாக இருந்தும் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கிறதே, எப்படி? பல ரெக்கார்டுகளில் ஒரு கிட்டார், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, அதே பேஸ் வரியை ஒரு ஸ்தாயி மேலே 'டிக் டிக்' என்று கூடவே வாசித்துக்கொண்டிருக்கும். டிரினிடாடிலிருந்து ஜமைக்கா வந்த கிட்டார் கலைஞர் லின் டைட் ராக்ஸ்டெடி காலத்தில் இதில் பேர்போனவர். மிக்ஸில் அது தனிக் கிட்டாராகத் தெரியாது. பேஸுக்கே முனை வைத்த மாதிரி இருக்கும். நீங்கள் அந்தத் தெளிவையும் உங்கள் பேஸிலேயே தேடினால் ட்ரெபிளை ஏற்றியாக வேண்டும், ஏற்றினால் இருட்டு போய்விடும். உங்கள் குழுவில் இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் ரெகேயின் வழக்கமான ஆஃப்பீட் வெட்டை வாசிக்கட்டும். இன்னொருவரிடம் உங்கள் வரியைச் சொல்லிக்கொடுத்து, பிரிட்ஜ் பிக்அப்பில், சத்தத்தைக் குறைவாக வைத்து, கம்பியை அமுக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தொடங்கியதும் உங்கள் டோன் குமிழைத் தயங்காமல் அடி வரைக்கும் இறக்கலாம்.